கிரான் வேலை ஓடவில்லையா? அறிகுறியிலிருந்து ஆரம்பியுங்கள்

சிறு அலுவலகங்களிலும் கடைகளிலும் இருக்கும் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. “நேத்து ராத்திரி பேக்கப் எடுக்கலை சார், கிரான் கெட்டுப்போச்சு போலிருக்கு” என்று மாதத்துக்கு ஒரு போனாவது வரும். குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டிவிடும் லினக்ஸ் சேவைதான் கிரான். கிரானே கெட்டுப்போய் நான் பார்த்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றபடி அது சொன்ன நேரத்துக்கு ஆளை எழுப்பிவிட்டிருக்கும். எழுந்த ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகள் எழுதிய கோப்புதான், வாயைத் திறக்காமல் விழுந்து கிடக்கும். அதனால் நான் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: ஓடவே இல்லையா, ஓடி விழுந்ததா?

கட்டளைகளை உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

## எதற்கும் முன்னால்: இரண்டு நிமிடச் சோதனை

கிரான்டேப் -ஈ என்று கிரானின் வேலைப் பட்டியலைத் திறந்து, கடைசியில் இந்த வரியைச் சேருங்கள்:

* * * * * டேட் >> /டிஎம்பி/சோதனை.லாக் 2>&1

சேமித்துவிட்டு இரண்டு நிமிடம் காத்திருங்கள். அந்தக் கோப்பு உருவாகி நிமிடத்துக்கு ஒரு வரி ஏறினால் கிரான் நலமாக இருக்கிறது. சோதனை முடிந்ததும் வரியை எடுத்துவிடுங்கள். நான் ஒரு சர்வரில் மறந்துவிட்டு எட்டு மாதம் கழித்துப் பார்த்தேன். மூன்றரை லட்சம் வரிக்கு அருகில் சேர்ந்திருந்தது.

அடுத்து லாக், அதாவது சர்வரின் நடப்புப் பதிவு. டெபியன், உபுண்டு என்றால் /வார்/லாக்/சிஸ்லாக் கோப்பில், கிரான் என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் கொடுத்து கிரெப் கட்டளையால் தேடுங்கள். டெபியன் 12 முதல் அந்தக் கோப்பே இல்லாமலும் இருக்கலாம். அப்போது ஜர்னல்சிடிஎல் -யூ கிரான். ரெட் ஹேட், ராக்கி, ஆல்மா வகை என்றால் /வார்/லாக்/கிரான்; சேவையின் பெயரும் அங்கே கிரான்டி.

லாகில் நேரம், யூசர் பெயர், சிஎம்டி என்ற எழுத்துகள், அதன் பக்கத்தில் உங்கள் கட்டளை என்று ஒரு வரி தெரியும். வேலையைத் தொடங்கிவைத்தேன் என்பதோடு கிரானின் வாக்குமூலம் அங்கே முடிகிறது. வேலை முடிந்ததா, வெற்றியா தோல்வியா என்று அந்த வரி சொல்லாது.

சிஎம்டி வரியே இல்லை என்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள். வரி இருக்கிறது, வேலை மட்டும் நடக்கவில்லை என்றால் அதற்கடுத்த பகுதி. நேரம்தான் தப்பு என்றால் மூன்றாவது.

## அறிகுறி: நேரம் வந்தது, லாகில் ஒரு வரிகூட இல்லை

கிரான் ஓடுகிறதா? சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கிரான். ஓடவில்லை என்றால் எனேபிள் செய்து ஸ்டார்ட் கொடுங்கள். டாக்கர் கண்டெய்னருக்குள் தேடுகிறீர்கள் என்றால் பெரும்பாலும் அங்கே கிரானே இருக்காது. கண்டெய்னருக்கு வெளியே உள்ள சர்வரின் கிரானிலிருந்து உள்ளே இருக்கும் கட்டளையைக் கூப்பிடுவதுதான் தலைவலி குறைந்த வழி.

சரியான ஆளின் கிரான்டேப்பைப் பார்க்கிறீர்களா? நான் அதிகம் பார்க்கும் காரணம் இது. கிரான்டேப் -ஈ உங்கள் பட்டியலைத் திறக்கும். முன்னால் சூடோ போட்டால் ரூட்டின், அதாவது சர்வரின் தலைமை யூசரின் பட்டியல். இரண்டும் வேறு வேறு கோப்புகள். ஒரு நாள் சூடோவோடு எழுதிவிட்டு அடுத்த வாரம் சூடோ இல்லாமல் திறந்து, “நான் எழுதினது காணோம்” என்று பதறுபவர்கள் உண்டு. கிரான்டேப் -எல், சூடோ கிரான்டேப் -எல் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

வரி /எட்சி/கிரான்.டி அடியில் உள்ள கோப்பில் இருக்கிறதா? அப்படியானால் நான்கு விஷயங்கள். நேரத்துக்கான ஐந்து கட்டங்களுக்கு அடுத்து யூசர் பெயர் வர வேண்டும். தனியாள் கிரான்டேப்பிலிருந்து வரியை அப்படியே நகலெடுத்தால் இது விட்டுப்போகும். டெபியன் குடும்பத்தில் கோப்பின் பெயரில் புள்ளி இருக்கக் கூடாது. இருந்தால் கிரான் அந்தக் கோப்பைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், மற்றவர்கள் எழுதும் உரிமை அதில் இருக்கக் கூடாது. நான்காவது, கடைசி வரியின் முடிவில் ஒரு என்டர் தட்டியிருக்க வேண்டும். கிரான்டேப் -ஈ வழியாக எழுதினால் என்டர் இல்லை என்று அதுவே முறைக்கும். கோப்பை நேரடியாகப் போட்டால் சொல்ல ஆளில்லை.

ஸ்கிரிப்டை /எட்சி/கிரான்.டெய்லி அடியில் போட்டீர்களா? இங்கேயும் டெபியன், உபுண்டுவில் புள்ளிதான் எமன். பேக்கப்.எஸ்ஹெச் என்ற பெயரில் போட்டால் ஓடாது. வெறும் பேக்கப் என்று மாற்றினால் ஓடும். ஓட்டும் உரிமையும், அதாவது சிஹெச்மாட் +எக்ஸ், வேண்டும். ரன்-பார்ட்ஸ் --டெஸ்ட் /எட்சி/கிரான்.டெய்லி என்று தட்டினால் எவையெல்லாம் ஓடும் என்ற பட்டியல் வரும். உங்கள் ஸ்கிரிப்ட் அதில் இல்லையென்றால் காத்திருந்து பயனில்லை.

அந்த யூசரின் பாஸ்வேர்டு காலாவதியா? இது கொஞ்சம் நயவஞ்சகமானது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டு மாற்ற வேண்டும் என்று விதி வைத்த ஓர் அலுவலகத்தில், சரியாகத் தொண்ணூறாவது நாள் முடிந்ததும் எல்லாக் கிரான் வேலையும் ஒரே ராத்திரியில் நின்றது. யாரும் எதையும் தொடவில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள், உண்மையும் அதுதான். லாகில் சிஎம்டி வரிக்குப் பதிலாக, ‘ஆதென்டிகேஷன் டோக்கன் இஸ் நோ லாங்கர் வேலிட்’ என்று ஒன்று கிடந்தது. சேஜ் -எல் யூசர்பெயர் என்று தட்டினால் காலாவதித் தேதி தெரியும். பாஸ்வேர்டை மாற்றினால் அன்றைக்குச் சரியாகும். அடுத்த மூன்று மாதத்தில் மறுபடி நிற்காமலிருக்க, வேலைகளை ஓட்டுவதற்கென்று தனி சர்வீஸ் யூசர் வைத்து அதற்குக் காலாவதியை நீக்குங்கள்.

மெஷின் விழித்திருந்ததா? லேப்டாப்போ, கடையை மூடும்போது அணைக்கும் கணினியோ என்றால், அணைந்திருந்த நேரத்து வேலையைக் கிரான் பிறகு செய்யாது. அதற்கு அனாக்ரான் இருக்கிறது. இல்லையென்றால் நேரத்தைக் கடை திறந்திருக்கும் வேளைக்கு மாற்றுங்கள், அதுதான் மலிவு.

கிரான்டேப் -ஈ திறக்கவே அனுமதி இல்லை என்று மறுத்தால் /எட்சி/கிரான்.அலவ், கிரான்.டினை ஆகிய கோப்புகளில் உங்கள் பெயர் தடுக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். பகிர்ந்த ஹோஸ்டிங் என்றால் இதற்கு மேல் உங்களுக்குக் கதவு திறக்காது. ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு டிக்கெட் போடுங்கள். வரியை அப்படியே ஒட்டி, எந்த நேரத்தில் ஓடியிருக்க வேண்டும் என்று நேர மண்டலத்தோடு எழுதினால் ஒரு சுற்றுக் கடிதப் போக்குவரத்து மிச்சம்.

## அறிகுறி: கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை

என்னிடம் வரும் பத்துப் புகாரில் ஆறேழு இந்த வகைதான். ஆராய்ச்சியைத் தொடங்குமுன் ஸ்கிரிப்ட் என்ன சொல்லிவிட்டுச் செத்தது என்று கேளுங்கள். கிரான்டேப் வரியின் கடைசியில் >> /டிஎம்பி/வேலை.லாக் 2>&1 சேர்த்துவிட்டு அடுத்த முறைக்குக் காத்திருங்கள். ஏற்கெனவே அங்கே > /டெவ்/நல் 2>&1 இருந்தால் அதைத் தூக்குங்கள்; இணையத்தில் கண்ட வரியை ஒட்டும்போது அதுவும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். பிழைச் செய்தியின் வாயில் துணி அடைப்பது அதுதான்.

சர்வர் லாகில் ‘நோ எம்டிஏ இன்ஸ்டால்டு, டிஸ்கார்டிங் அவுட்புட்’ என்று ஒரு வரி பார்த்திருப்பீர்கள். ஸ்கிரிப்ட் ஏதோ சொன்னது, கிரான் அதை மெயிலில் அனுப்பப் பார்த்தது, மெயில் அனுப்பும் நிரல் இல்லாததால் குப்பையில் போட்டுவிட்டது என்று பொருள். மெயில் நிரல் இருக்கும் சர்வரில் அந்தச் செய்திகள் /வார்/மெயில் அடியில் யூசர் பெயரில் குவிந்திருக்கும். ஒரு தடவை திறந்து பாருங்கள். சில இடங்களில் இரண்டு வருடப் புலம்பல் கிடக்கும்.

இனி செய்தியைப் பார்த்து வழி பிரிகிறது.

‘நாட் ஃபவுண்ட்’ என்று வந்தால். பாத் பிரச்சினை. கட்டளைகளை எந்தெந்த அடைவுகளில் தேடுவது என்ற பட்டியல்தான் பாத். நீங்கள் டெர்மினலில் நுழையும்போது உங்கள் பாத்தில் பத்து இடங்கள் இருக்கும். கிரானுக்கு வழக்கமாக /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டுதான் தெரியும். /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் அடியில் உள்ளதும், என்விஎம் போட்ட நோடும், பைத்தானின் வெர்ச்சுவல் என்வும் அதற்குத் தெரியாது. விச் என்ற கட்டளையால் முழுப் பாதையைக் கண்டுபிடித்து ஸ்கிரிப்டில் முழுப் பாதையாகவே எழுதுங்கள். கிரான்டேப்பின் தலையில் ‘பாத்=’ என்று வரி போடலாம். ஆனால் அங்கே பழைய பாத்தை டாலர் குறியோடு சேர்த்து நீட்ட முடியாது; கிரான் அதை விரிக்காமல் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். எல்லா இடங்களையும் நீட்டி எழுத வேண்டும்.

சந்தேகம் தீரவில்லையா? என்வ் > /டிஎம்பி/சூழல் என்று ஒரு நிமிடக் கிரான் வரி போட்டு வரும் கோப்பையும், டெர்மினலில் என்வ் தட்டினால் வருவதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று பத்துப் பன்னிரண்டு வரிகூடத் தேறாது, மற்றது பக்கம் பக்கமாக ஓடும். அந்த இடைவெளியில்தான் உங்கள் டேட்டாபேஸ் பாஸ்வேர்டோ ஏபிஐ சாவியோ தொலைந்திருக்கும்.

‘சோர்ஸ் நாட் ஃபவுண்ட்’, இரட்டைச் சதுர அடைப்பைப் பற்றிய புகார், ‘சின்டாக்ஸ் எரர்’. கிரான் உங்கள் வரியை /பின்/எஸ்ஹெச் கையில் கொடுக்கிறது. டெபியன், உபுண்டுவில் அது பாஷ் அல்ல, டாஷ். பாஷுக்கு மட்டும் தெரிந்த வித்தைகளை அது செய்யாது. ஸ்கிரிப்டின் முதல் வரியில் #!/பின்/பாஷ் இருக்கட்டும். வித்தை கிரான்டேப் வரியிலேயே இருந்தால் அதைத் தூக்கி ஒரு ஸ்கிரிப்டுக்குள் போடுங்கள். கிரான்டேப் வரி எவ்வளவு குட்டையோ அவ்வளவு நிம்மதி.

மேற்கோள் மூடப்படவில்லை என்ற புகார், அதிலும் வரியில் தேதி இருந்தால். சதவீதக் குறி! கிரான்டேப் வரியில் % வந்தால் கிரான் அதைப் புது வரியாக மாற்றிவிடும்; முதல் குறிக்குப் பின்னால் உள்ளதை எல்லாம் கட்டளைக்கு உள்ளீடாக ஊட்டிவிடும். தேதி போட்ட கோப்புப் பெயர் வைப்பவர்கள் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது இதில் விழுவார்கள். டெர்மினலில் ஓடும், ஸ்கிரிப்டில் ஓடும், கிரான்டேப் வரியில் மட்டும் பாதியில் அறுபடும். ஒவ்வொரு % குறிக்கும் முன்னால் பின்சாய்வுக் கோடு போட்டு \% என்று எழுதுங்கள். ஸ்கிரிப்டுக்குள் நகர்த்தினால் அதுவும் தேவையில்லை. ஸ்கிரிப்டில் இருப்பதைக் கிரான் தொடாது.

‘நோ சச் ஃபைல்’. கிரான் உங்களை வீட்டு வாசலில், அதாவது அந்த யூசரின் ஹோம் அடைவில் இறக்கிவிடும். ஸ்கிரிப்ட் இருக்கும் அடைவில் அல்ல. உள்ளே ./கட்டமைப்பு என்பது போலப் புள்ளியில் தொடங்கும் பாதைகள் இருந்தால் ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே முழுப் பாதையோடு சிடி போடுங்கள். பாதை சரியாக இருந்தும் ‘பேட் இன்டர்பிரட்டர்’ என்று வந்து, பாஷ் பெயரின் வாலில் ^ குறியோடு ஓர் எழுத்து தொங்கினால், ஸ்கிரிப்டை விண்டோஸில் திருத்தியிருக்கிறார்கள். டாஸ்2யூனிக்ஸ் கட்டளையை ஒருமுறை ஓட்டினால் வால் அறுந்துவிடும்.

ஆர்சிங்க், எஸ்சிபி, கிட் போன்றவை ‘பெர்மிஷன் டினைட்’ என்றால். உங்கள் எஸ்எஸ்ஹெச் சாவிக்குக் கடவுச்சொல் இருக்கிறது. டெர்மினலில் ஏஜென்ட் அதை நினைவில் வைத்திருக்கிறது. கிரானுக்கு ஏஜென்ட் கிடையாது. அந்த வேலைக்கென்றே கடவுச்சொல் இல்லாத தனிச் சாவி செய்து, எதிர்ப்பக்கம் அந்தச் சாவி ஒரே ஒரு கட்டளையைத்தான் ஓட்டலாம் என்று கட்டிப்போடுங்கள். சோம்பலில் ரூட் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். மேக்கில் ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ என்று வந்தால் கதை வேறு: அங்கே கிரானுக்கு ‘ஃபுல் டிஸ்க் அக்சஸ்’ உரிமையை அமைப்புகளில் போய்க் கொடுக்க வேண்டும்.

## அறிகுறி: ஓடுகிறது, ஆனால் கண்ட நேரத்தில்

காலை ஏழரைக்கு சர்வர் மூச்சுத் திணறுகிறது. ராத்திரி 2 மணிக்கு என்று 0 2 * * * எழுதியிருப்பீர்கள். கிளவுடில் எடுத்த சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். இந்தியாவும் இலங்கையும் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். யூடிசி 2 மணி நமக்குக் காலை 7:30. டைம்டேட்சிடிஎல் தட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கணக்கைத் திருப்பிப் போட்டால் நம் ராத்திரி 2 மணி என்பது யூடிசியில் முந்தின நாள் 20:30. அதனால் 30 20 * * * என்று எழுத வேண்டும். தினசரி வேலைக்கு இது போதும். வார வேலையில்தான் கால் இடறும்: ஞாயிறு அதிகாலை 2 மணி என்பது அங்கே இன்னும் சனிக்கிழமை. எனவே கடைசிக் கட்டத்தில் 0 போடாமல் 6 போட வேண்டும். மாதம் 1-ம் தேதி அதிகாலை என்றால் அங்கே முந்தின மாதத்தின் கடைசி நாள். அது 28 முதல் 31 வரை எதுவாகவும் இருக்கலாம் என்பதால் ஐந்து கட்டத்துக்குள் அதை அடக்கவே முடியாது. மாதாந்திர வேலையை 1-ம் தேதி காலை ஏழு மணிக்குத் தள்ளிவிடுங்கள். யூடிசியில் அது 1:30, தேதியும் ஒன்றே. ஊதியக் கணக்கோ ஜிஎஸ்டி அறிக்கையோ அதிகாலையிலேயே வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால், தினமும் ஓடவிட்டு ஸ்கிரிப்டுக்குள் நம் நேரப்படி தேதி 1-தானா என்று பார்த்துக்கொள்ளலாம்.

சர்வரின் நேர மண்டலத்தையே இந்திய நேரத்துக்கு மாற்றுவதும் வழிதான். மாற்றிய பிறகு கிரானை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இல்லையென்றால் டேட் கட்டளை ஒரு நேரம் சொல்லும், கிரான் பழைய நேரத்திலேயே நடந்துகொண்டிருக்கும். கிரான்டேப்பிலேயே கிரான்_டிஇஸட் என்று மண்டலம் எழுதும் வசதி ரெட் ஹேட் வகையில் வரும் கிரானியில் உண்டு. எல்லாக் கிரானிலும் அது வேலை செய்யும் என்று நம்பி உட்காராதீர்கள்.

ஒரு முறை ஓட வேண்டியது அறுபது முறை ஓடுகிறது. * 2 * * * என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மணிக்குள் வரும் ஒவ்வொரு நிமிடமும் என்று அதற்குப் பொருள். முதல் கட்டத்தில் 0 போடுங்கள். வாடிக்கையாளர்களுக்கு நினைவூட்டல் எஸ்எம்எஸ் அனுப்பும் வரியில் இதைச் செய்தவரின் போன் அன்று ஓயவில்லை.

முதல் திங்கட்கிழமை மட்டும் என்று எழுதினேன், வாரம் முழுக்க ஓடுகிறது. 0 6 1-7 * 1 எழுதினால், ‘முதல் ஏழு நாளுக்குள் வரும் திங்கள்’ என்றுதான் நாம் படிப்போம். கிரான் அப்படிப் படிக்காது. தேதிக் கட்டம், கிழமைக் கட்டம் இரண்டிலும் எண் இருந்தால் ஏதாவது ஒன்று பொருந்தினாலே ஓட்டிவிடும். ஆக 1 முதல் 7 வரை தினமும், அதுபோக எல்லாத் திங்களும் ஓடும். கிழமையை வரியிலிருந்து எடுத்துவிட்டுக் கட்டளைக்குள் சோதியுங்கள்:

0 6 1-7 * * [ "$(டேட் +\%யூ)" = 1 ] && /ஹோம்/கடை/அறிக்கை

அங்கே பின்சாய்வுக் கோடு ஏன் என்று மேலே பார்த்தோம்.

45 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் தாறுமாறாக ஓடுகிறது. */45 என்பது 0-வது நிமிடம், 45-வது நிமிடம், மறுபடி 0. இடைவெளி 45, அப்புறம் 15. அறுபதைச் சமமாக வகுக்கும் எண்ணாக இருந்தால்தான் சாய்கோடு சீராக இருக்கும். 7 போட்டாலும் மணியின் கடைசியில் ஒரு நான்கு நிமிடத் துண்டு விழும்.

## அறிகுறி: ஒரே வேலை இரண்டு மூன்றாக ஓடுகிறது, சர்வர் திணறுகிறது

முந்தின ஓட்டம் முடிந்ததா என்று கிரான் பார்க்காது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் வேலை என்றைக்காவது ஏழு நிமிடம் எடுத்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஏறியதால் இன்னும் மெதுவாகும். பிஎஸ் கட்டளையில் ஒரே பெயர் நாலைந்து தெரிந்தால் இதுதான். ஃபிளாக் போடுங்கள்:

*/5 * * * * /யூஎஸ்ஆர்/பின்/ஃபிளாக் -என் /டிஎம்பி/இருப்பு.பூட்டு /ஹோம்/கடை/இருப்பு

முதல் ஆள் உள்ளே இருந்தால் இரண்டாவது ஆள் வாசலிலேயே திரும்பிவிடுவான்.

ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலேயே இரட்டிப்பாக நடந்தால், அதே வரி உங்கள் கிரான்டேப்பிலும் ரூட்டின் கிரான்டேப்பிலும் இருக்கிறதா பாருங்கள். அடுத்து, பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாறினீர்களா? பழையதை யாராவது அணைத்தார்களா? எனக்கு இப்படி ஒரு வாரம் போயிருக்கிறது: புதிய சர்வரில் வரி வரியாகத் தேடிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பில்லும் இரண்டு முறை மெயிலில் போனதற்குக் காரணமான பழைய பெட்டி, அலுவலக அலமாரிக்கு அடியில் விளக்கெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

ஃபிளாக் போட்டும் ஒவ்வொரு ஓட்டமும் நாளுக்கு நாள் நீண்டால் கிரானை விட்டுவிடுங்கள். டேட்டாபேஸ் பெருத்திருக்கிறது, இண்டெக்ஸ் இல்லை, அல்லது டிஸ்க் சாகக் கிடக்கிறது. டிமெஸ்ஜி கட்டளையில் ஐ/ஓ எரர் தெரிந்தால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். பேக்கப் ஸ்கிரிப்டைத் திரும்பத் திரும்ப ஓட்டி அந்த டிஸ்கை மேலும் வதைக்க வேண்டாம்.

## அறிகுறி: எல்லாம் ஓடியது, கோப்பும் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை

பேக்கப் அடைவில் தேதி வாரியாக வரிசையாகக் கோப்புகள். பார்த்தால் மனசுக்கு நிறைவாக இருக்கும். எல்எஸ் -எல் போட்டு அளவைப் பாருங்கள். எல்லாமே 20 பைட் என்றால் உங்களிடம் பேக்கப் இல்லை. ஜிஜிப்புக்கு ஒன்றுமே கொடுக்காமல் சுருக்கச் சொன்னால் அது உருவாக்கும் வெற்று உறையின் அளவு 20 பைட். டேட்டாபேஸிலிருந்து எடுக்கும் கட்டளை பாஸ்வேர்டு தவறி முதல் நொடியிலேயே விழுந்திருக்கும்; இரண்டு கட்டளைகளையும் இணைக்கும் குழாயின் மறுமுனையில் இருக்கும் ஜிஜிப் வெறுமையைப் பொறுப்பாகச் சுருக்கி, ‘வெற்றி’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கும். குழாயில் கடைசி ஆள் சொல்வதுதான் கணக்கு.

பாஷ் ஸ்கிரிப்டின் தலையில் செட் -ஓ பைப்ஃபெயில் போடுங்கள். குழாயில் யார் விழுந்தாலும் மொத்தமும் தோல்வி என்று திரும்பும். அத்தோடு நிற்காமல், கோப்பு நேற்றையதைவிடப் பாதிக்கும் கீழே இருந்தால் சத்தம் போடு என்று இரண்டு வரி சேருங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றுபவர் ஒருவர், பேக்கப் எழுதியவர் வேறொருவர், இருவரும் பேசிக்கொள்வதில்லை. பெரும்பாலான இருபது பைட்டுகளின் பின்னால் இருக்கும் கதை அதுதான்.

அளவு 0 பைட் என்றால் டிஸ்க் நிறைந்திருக்கலாம். டிஎஃப் -ஹெச். இடம் இருக்கிறது என்று காட்டியும் புதிய கோப்பே உருவாகவில்லை என்றால் டிஎஃப் -ஐ போட்டு ஐநோடு, அதாவது கோப்புக்கு ஒன்று வீதம் டிஸ்கில் உள்ள பதிவிடம், தீர்ந்ததா பாருங்கள். லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகள் சேரும் இடத்தில் அதுவும் நடக்கும்.

## அறிகுறி: கிரான்டேப் மொத்தமாகக் காணோம்

கிரான்டேப் -ஈ தட்டப் போய் -ஆர் தட்டியிருப்பீர்கள். விசைப்பலகையில் இரண்டும் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று திருத்தும், மற்றது ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் அழிக்கும். யார் இப்படி வைத்தார்களோ.

பதற வேண்டாம். ஓடிய ஒவ்வொரு கட்டளையும் லாகில் சிஎம்டி வரியாக இருக்கிறது. பழைய, சுருக்கிவைத்த லாகுகளையும் இஸட்கிரெப்பால் தேடி, எது எந்தெந்த நேரத்தில் ஓடியது என்று வரிசைப்படுத்தினால் அட்டவணையைத் திரும்ப எழுதிவிடலாம். தினசரி, வார வேலைகள் எளிதில் கிடைக்கும். மாதாந்திர வேலைக்கு அவ்வளவு பழைய லாக் இருக்க வேண்டும். சர்வரின் முழு பேக்கப் இருந்தால் /வார்/ஸ்பூல்/கிரான் அடியில் தேடுங்கள், கோப்பே கிடைக்கும்.

திரும்ப எழுதியதும், கிரான்டேப் -எல் வெளியீட்டைத் தினமும் ஒரு கோப்பில் எழுதும் வேலையையும் கிரானிலேயே சேர்த்துவிடுங்கள். தேதி போட்ட பெயரில் எழுதுங்கள். இல்லையென்றால் அழிந்த பட்டியல் நல்ல பட்டியலின் மேலேயே ஏறி உட்காரும்.

## அறிகுறி: சிஸ்டம்டி டைமர் ஓடவில்லை

கிரானுக்கு மாற்றாக லினக்ஸில் வரும் நேரம் வைக்கும் வசதி இது. இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இன்னும் கிரானில்தான் இருக்கிறார்கள். சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ் பட்டியலில் உங்கள் டைமர் இல்லையென்றால் சர்வீஸை எனேபிள் செய்துவிட்டு டைமரை மறந்திருப்பீர்கள். திருத்தியது எடுபடவில்லையென்றால் டீமன்-ரீலோடு. நேரம் புரியவில்லையென்றால் சிஸ்டம்டி-அனலைஸ் காலண்டர் கட்டளைக்கு அந்த வரியைக் கொடுங்கள், அடுத்து எப்போது ஓடும் என்று சொல்லும். இந்த ஒரு வசதிக்காகவே கிரானிலிருந்து மாறலாம். லாகவுட் ஆனதும் நின்றுபோகும் யூசர் டைமருக்கு லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்.

## அறிகுறி: நான் எழுதாத வரி ஒன்று இருக்கிறது

கிரான்டேப் -எல் போட்டால் நிமிடத்துக்கு ஒருமுறை கர்ல் அல்லது விகெட் மூலம் எங்கிருந்தோ எதையோ இழுத்து நேராக எஸ்ஹெச் கையில் கொடுக்கும் வரி. அல்லது புரியாத எழுத்துக் கோவையைப் பேஸ்64-இல் அவிழ்க்கும் வரி. அல்லது /டிஎம்பி, /டெவ்/எஸ்ஹெச்எம் அடியில் புள்ளியில் தொடங்கும் மறைவான பெயர். கூடவே சிபியூ நூறு சதவீதத்தில் நிற்கும். உங்கள் சர்வரில் யாரோ கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது பெரும்பாலான ஊகம்.

வரியை அழித்தால் ஒரு நிமிடத்தில் திரும்ப முளைக்கும். அழிக்காதீர்கள், ரீபூட்டும் செய்யாதீர்கள், தடயம் போய்விடும். முடிந்தால் டிஸ்கின் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு நெட்வொர்க்கைத் துண்டியுங்கள். /எட்சி/கிரான்.டி, எல்லா யூசர்களின் கிரான்டேப், எஸ்எஸ்ஹெச்சின் ஆதரைஸ்டு_கீஸ் கோப்புகள், சிஸ்டம்டி டைமர்கள் ஆகியவற்றைத் திருத்தாமல் நகலெடுத்து வையுங்கள். இந்த இடத்தில் நானும் தனியாகக் கை வைப்பதில்லை, பாதுகாப்பு வேலை பார்ப்பவரைக் கூப்பிடுகிறேன். அவர் வந்து பெரும்பாலும் சொல்வது சர்வரைப் புதிதாக நிறுவுங்கள் என்றுதான். இந்தியாவில் நிறுவனமாக இருந்தால், அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 தேதியிட்டு வெளியிட்ட உத்தரவின்படி இத்தகைய ஊடுருவலைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். எனவே முதலாளியிடம் சொல்வதை நாளைக் காலைக்குத் தள்ளாதீர்கள். அந்தச் சர்வரில் இருந்த எல்லாப் பாஸ்வேர்டுகளையும் சாவிகளையும் வேறொரு சுத்தமான கணினியிலிருந்து மாற்றுங்கள். பேக்கப்பைத் திரும்ப ஏற்றும்போது அதில் வரும் கிரான்டேப்பை வரி வரியாகப் படித்த பிறகே கிரானை ஸ்டார்ட் செய்யுங்கள்.